வீட்டுக்கு அனுப்ப முடியாதவர்கள்

பெர்க்லி, கலிஃபோர்னியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்குள்ள வாடகையையும் காய்கறி விலையையும் பற்றிப் புலம்பியது போதும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, இந்த முறை கிழவர் கிழவிகளைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் ஒரு தனி ரகம்: பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ரிட்டயராகி, அப்புறமும் அந்த வளாகத்தையே சுற்றிச் சுற்றி வருகிறவர்கள். நானும் அதில் ஒருத்தி. ஆகவே கொஞ்சம் கேலி செய்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் ஒரு சட்டச் செய்தி. அமெரிக்காவில் ஒரு பேராசிரியரை வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்ப முடியாது. வேலையில் வயதைப் பார்த்து ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று 1967-இல் ஒரு சட்டம் வந்தது. 1986-இல் அதைத் திருத்தி, கட்டாய ஓய்வு என்பதையே பெரும்பாலான வேலைகளில் ஒழித்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் மன்றாடி, நிரந்தரப் பேராசிரியர்களை 70 வயதில் ஓய்வுபெறச் செய்ய விதிவிலக்கு வாங்கின. அந்த விலக்கும் 1993 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அன்றிலிருந்து, பேராசிரியர் தாமாகக் கையெழுத்துப் போட்டால்தான் ஓய்வு.

நம் ஊர் ஆசிரியர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும். ஆனால் நிர்வாகத்தின் பக்கமிருந்தும் பாருங்கள். முனைவர் பட்டம் வாங்கிய இளையவர்கள் வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். மூத்தவரோ நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறார். பணத்துக்காக அல்ல, பென்ஷன் போதுமான அளவு வரும். காலையில் எழுந்து போக ஓர் இடம், பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர், நூலகம், மின்னஞ்சல் முகவரி, இதெல்லாம் ஒரே நாளில் போய்விடுமே என்ற பயம்தான். அந்தப் பயத்தைப் போக்கினால் எழுந்துவிடுவார் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். அதனால்தான் ஓய்வுபெற்றோருக்கு ஒரு மையம், மதிய உணவுக் கூட்டம், சொற்பொழிவு, நடைக்குழு எல்லாம். இதில் கருணை பாதி, கணக்கு பாதி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நிதிக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவள் நான். எனக்குக் கணக்குதான் முதலில் கண்ணில் படும்.

ஓய்வுபெற்றும் எழாமலே இருந்தவர்களும் உண்டு. லேசர் பிறக்கக் காரணமானவர்களில் ஒருவரான சார்ல்ஸ் டவுன்ஸ் 1964-இல் நோபல் பரிசு வாங்கி, 1967-இல் பெர்க்லிக்கு வந்தவர். முறைப்படி ஓய்வுபெற்ற பிறகும் பல பத்தாண்டுகள் வளாகத்துக்கு வந்துகொண்டிருந்தார். 2015 ஜனவரியில் 99 வயதில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு வரை வந்துகொண்டிருந்தார். நோபல் வாங்கியவர்களுக்கு இங்கே பலகை நட்டு, கார் நிறுத்தத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஊரில் கார் நிறுத்த இடம் கிடைப்பது நோபலைவிடக் கொஞ்சம்தான் சுலபம்.

மதுரையில் என் அண்ணன் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபோது நான் அங்கே இருந்தேன். பொன்னாடை, சந்தன மாலை, வாழ்த்து மடல், மேடையில் ஏழு பேர் பேச்சு. விழாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வாரம் அவர் அலைந்தது நிலுவையின்மைச் சான்றுக்காக. ஆய்வகம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், கடைசியில் நூலகம். ‘இவரிடம் எங்கள் புத்தகம் எதுவும் இல்லை’ என்று நூலகர் கையெழுத்துப் போட்டால்தான் பென்ஷன் கோப்பு நகரும். முப்பத்து சொச்சம் ஆண்டு பாடம் சொன்ன மனிதரிடம், இனி உன் கையில் எங்கள் புத்தகம் ஒன்றும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டுதான் அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு அவரும் அவருடைய சகாக்களும் தவறாமல் சந்திக்கிற இடம், ஆண்டுக்கொரு முறை நேர்காணலுக்குப் போகிற கருவூலம். உயிரோடு இருக்கிறோம் என்று காட்டிவிட்டு, எதிர்க்கடையில் ஒரு காபி.

நம் ஓய்வூதியர் சங்கங்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அகவிலைப்படி நிலுவைக்காக வெயிலில் நின்று கோஷம் போடுகிற எண்பது வயதுக்காரர்களுக்கு நிகர் இங்கே யாரும் இல்லை. இங்கும் சங்கம் இருக்கிறது, மருத்துவக் காப்பீட்டுத் தவணை ஏறினால் கடிதம் எழுதும். மிக மரியாதையாக எழுதும்.

நான் ஓய்வுபெற்றபோது பேச்சாளர்கள் யாரும் இல்லை. ஒரு கேக், அட்டையில் எல்லாரும் கையெழுத்து, அவ்வளவுதான். ஆனால் கையில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்: ஓய்வுபெற்றவர் என்று காட்டும் அடையாள அட்டை, அதைக் காட்டினால் நூலக அட்டை, வேண்டுமென்றால் மின்னஞ்சல் முகவரி. பேராசிரியருக்கு மட்டுமல்ல, கணக்கெழுதியவளுக்கும். வளாகத்தோடு, மேலே மலைச்சரிவில் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களும் ஓய்வுபெற்றோர் மையத்தின் கணக்கில்தான் வருகிறார்கள்.

எல்லாரும் சமம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு ‘எமெரிட்டஸ்’ என்ற பட்டம் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஊழியருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பேராசிரியர்களுக்கு ஒரு சங்கம், ஓய்வுபெற்றோருக்குப் பொதுவாக இன்னொன்று. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மற்ற வளாகங்களையும் சேர்த்துப் பார்த்தால், மாநில அளவிலும் இதே மாதிரி இரண்டு பேரவைகள். சாதி என்று சொன்னால் இங்கே அதிர்ச்சி அடைவார்கள், நான் சொல்லவில்லை.

ஆனால் மையம் நடத்துகிற கூட்டங்களில் எல்லாரும் ஒரே மேஜை. அதில் நடப்பதைப் பார்க்க எனக்கு ஒரு தனி சந்தோஷம். நான் வேலையில் இருந்தபோது ஒரு பேராசிரியரின் பயணப் பில்களை ஆண்டுக்கணக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரசீது இருக்காது, இருந்தால் தேதி இருக்காது, தேதி இருந்தால் அந்தத் தேதியில் நிதி முடிந்திருக்கும். என்னை நடைபாதையில் பார்த்தால் கைப்பேசியில் பேசுவது போல் போய்விடுவார். ஓய்வுக்குப் பிறகு ஒரு மதிய உணவில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சூப் வருவதற்குள் பையிலிருந்து முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுப் படிவம் ஒன்றை எடுத்து, ‘இந்த மெடிகேர் படிவத்தில் இந்தக் கட்டம் என்ன கேட்கிறது?’ என்றார். உலகப் புகழ்பெற்ற ஆய்விதழ்களில் எழுதியவர். நான் விளக்கிச் சொன்னேன். பக்கத்து மேஜையிலிருந்து இன்னும் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தாவரவியல், இன்னொருவர் வளாகத்தின் குழாய் வேலைகளைக் கவனித்தவர். குழாய்க்காரருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. அரை மணி நேரம் அவர்தான் ஆசிரியர்.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே எவ்வளவு பெரிய அறிஞர் வந்து பேசினாலும், மெடிகேர் பற்றிய பேச்சுக்கு வருகிற கூட்டம் வராது. ஆண்டுதோறும் அக்டோபர் 15-இலிருந்து டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், இலையுதிர் காலத்தில் இவர்களுடைய பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு உண்டு. இதன் வேர் கிழக்குக் கரையில். 1962-இல் நியூயார்க்கில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் சிலர், முதியவர்களுக்கென்று நடத்துகிற பொழுதுபோக்கு வகுப்புகள் சலித்துப்போய், ‘நியூ ஸ்கூல்’ என்ற கல்வி நிறுவனத்தின் ஆதரவில் தங்களுக்குள்ளேயே பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். 1976-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃப்ரோம் தம்பதியர் தொடங்கிய நிலையம் இன்னொரு படி மேலே போனது: 50 தாண்டிய மாணவர்களுக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர்களே ஆசிரியர்கள். அதைப் பார்த்து மனம் கவரப்பட்ட பெர்னார்ட் ஆஷர் என்ற செல்வந்தரின் அறக்கட்டளை 2001-இல் மேய்ன் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. இன்று அவர் பெயரில் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி நிலையங்கள் இருக்கின்றன. பெர்க்லியில் 2007-இல் வந்தது.

பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒரு பாடம் பெரும்பாலும் ஆறு வாரம். சேர்வதற்குப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை, கட்டணம் கட்டினால் போதும். நான் போன வகுப்புகள் நடந்தது அடிசன் தெருவில் ‘ஃப்ரெய்ட் அண்ட் சால்வேஜ்’ என்ற நாட்டுப்புற இசை அரங்கில். 1968-இல் அந்த அரங்கைத் தொடங்கியவர், ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த பழைய சாமான் கடையின் பெயரையே வைத்துவிட்டார். இடம் மாறியும் பெயர் மாறவில்லை. பழைய சாமான்களுக்குப் பொருத்தமான இடம் என்று முதல் வரிசையில் உட்காருகிற ஓர் அம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

வகுப்பைவிட எனக்குச் சுவாரசியம் கேள்வி நேரம். ஓய்வுபெற்ற பேராசிரியரால் கேள்வி மட்டும் கேட்க முடியாது. எழுந்து நின்று, கழுத்துக் கண்ணாடியைச் சரிசெய்து, ‘மூன்று பகுதிகளாகக் கேட்கிறேன்’ என்று ஆரம்பிப்பார். முதல் பகுதி முடிவதற்குள் ஒலிவாங்கி வைத்திருக்கும் தன்னார்வலர் அடுத்தவர் பக்கம் பார்க்கத் தொடங்குவார். வகுப்பு ஷூபர்ட்டைப் பற்றி. கேள்வி அணு இயற்பியலைப் பற்றி. எப்படியோ கடைசியில் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். நாற்பது ஆண்டு பேசியே வாழ்ந்தவர்களுக்கு, பேச ஒரு கூடமும் கேட்க இருநூறு பேரும் வாரம் ஒரு முறையாவது தேவை. மாத்திரை டப்பாவில் இதையும் ஒரு கட்டத்தில் வைக்கலாம்.

ஓய்வுக்குப் பிந்தைய உழைப்பு என்றால் எனக்கு நினைவு வருவது மர்ரே எமனோ. தமிழ் படித்தவர்கள் ‘பரோ – எமனோ அகராதி’ என்று சொல்வார்களே, திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி, அந்த எமனோ. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1904-இல் பிறந்தவர். 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றார். பெர்க்லியில் மொழியியல் துறையை நிறுவியவர். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த தாமஸ் பரோவோடு சேர்ந்து அகராதியின் முதல் பதிப்பை 1961-இல் கொண்டுவந்தார். 1971-இல் பணி ஓய்வு. அதே ஆண்டு தோடர் பாடல்களைப் புத்தகமாக்கினார். சரி, இனி தோட்ட வேலை என்று இருந்திருக்கலாம்.

இருக்கவில்லை. பரோவும் 1976-இல் ஓய்வுபெற்றார். இரண்டு ஓய்வூதியர்களும் சேர்ந்து அகராதியைத் திருத்தி விரித்து, 1984-இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்கள். 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். தமிழில் இணைச்சொல் இருந்தால் பதிவு தமிழிலிருந்துதான் தொடங்கும். அதன்பின் மலையாளம், கோத்தர் மொழி, தோடர் மொழி, கன்னடம் என்று வடக்கே போகும். இன்று ஆய்வாளர்கள் எண் சொல்லி மேற்கோள் காட்டுவது இந்தப் பதிப்பைத்தான். அதே 1984-இல் தோடர் மொழி இலக்கணத்தையும் எமனோ தனியாக வெளியிட்டார். அப்போது வயது 80. இங்கேயே 2005-இல், 101 வயதில் மறைந்தார். நம் மொழிக்குடும்பத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய கருவி நூல்களில் ஒன்றின் இறுதி வடிவம், சம்பளம் நின்றுபோன இரண்டு பேர் உட்கார்ந்து முடித்தது. அவர்கள் கையிலிருந்த நூலக அட்டையைப் பிடுங்கியிருந்தால்?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் பத்து வளாகங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் பேரவை சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கெடுத்தது: தங்கள் ஆட்கள் எழுதுகிற புத்தகம், கட்டுரை, எடுக்கிற வகுப்பு, பார்த்துக்கொள்கிற ஆய்வு மாணவர்கள் எல்லாவற்றையும் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத பதினொன்றாவது வளாகம் ஒன்று ஓடுகிறது என்று அறிக்கை போட்டார்கள். நல்ல அறிக்கைதான். ஆனால் அதில் ஊழியர்கள் வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் என்னோடு இருந்தவர்களில் ஒருத்தி தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் நிற்கிறாள், இன்னொருத்தி பொது நூலகத்தில் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தருகிறாள், ஒருவர் உணவு வங்கியில் அரிசி மூட்டை அடுக்குகிறார். இதை எந்த வளாகத்தில் சேர்ப்பது?

மையத்தின் கூட்டங்களுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். இரவு ஷிஃப்டில் கட்டடங்களைக் கூட்டித் துடைத்தவர்கள், உணவுக்கூடத்தில் நின்றவர்கள், இவர்களும் இதே பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றவர்கள்தான், இதே அட்டைக்கு உரியவர்கள்தான். ஆனால் மதிய உணவுக் கூட்டங்களில் நான் அவர்களைப் பார்த்ததில்லை. இந்த ஊர் வாடகைக்கு அவர்கள் எங்கோ தூரத்தில்தான் இருக்க முடியும், மதியச் சாப்பாட்டுக்காக யார் ரயிலேறி வருவார்கள்? கொரோனாவுக்குப் பிறகு பாதிக் கூட்டம் ஜூமில் நடக்கிறது. பேரக்குழந்தை வீட்டோடு போய்விட்ட பேராசிரியர்கள் அதனால் திரும்ப வந்து சேர்ந்தார்கள், இவர்கள் வரவில்லை. தலைப்புகளைப் பார்த்தால் காரணம் புரிகிறது: மறுமலர்ச்சிக்கால ஓவியம், ஒயின், ஐரோப்பியப் பயணம்.

போன மாதம் மையத்தின் குழுவில் இதைக் கேட்டேன். அவர்களுடைய தொழிற்சங்கமான ஆஃப்ஸ்மி 3299-ஐ அணுகி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாமே என்றேன். நல்ல யோசனை என்று ஒரு குரலாகச் சொன்னார்கள். மெடிகேரை ஸ்பானிஷ் மொழியில் விளக்கும் கூட்டம் ஒன்றை, சாயங்காலத்தில், வளாகத்துப் பக்கம் இல்லாமல் பக்கத்து ஊரான ரிச்மண்டில் வைக்கலாம் என்று குழாய்க்காரர் சொன்னார். குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். கூடத்துக்கு வாடகை எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

மற்றவை அடுத்த மடலில்.

அன்புடன்,
உங்கள் பெர்க்லி நிருபர்