நிறுத்தி விற்க முடிந்தால்

முதுகுளத்தூரிலிருந்து கமுதி போகும் வழியில், கரிசல் காட்டில் முண்டு மிளகாய் பறிப்பு. பங்குனி வெயில். பழுத்ததை மட்டும் கிள்ளி, காயைச் செடியில் விட வேண்டும். அதனால் ஒரே காட்டில் திரும்பத் திரும்பப் பறிப்பு. ஒவ்வொரு பறிப்புக்கும் கூலி. விரல்களில் எண்ணெய் தடவியிருந்த பாட்டி சொன்னார்: "ராத்திரி பேரனத் தூக்கவே பயமா இருக்கும் தம்பி, அவன் கண்ணுல கை பட்டுருமோன்னு." அந்தக் கைகளுக்குக் கிடைக்கும் கூலி போதாது. காட்டுக்காரரும் அதை மறுக்கவில்லை. பறிப்புக் கூலிக்கே கடன் வாங்கியிருக்கிறார்.

புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்த்த செடி. ஊடே மல்லியும் உண்டு. மிளகாய் ஏமாற்றினால் மல்லியாவது கை கொடுக்கும் என்றார் காட்டுக்காரர். இலைப்பேன் விழுந்து இலை சுருண்டால் காய்ப்பு போயிற்று. அதையும் தாண்டி வந்த பழத்தைக் களத்தில் காப்பாற்ற வேண்டும்.

என்னை அதிக நேரம் நிறுத்தியது களம்தான். மூன்று நான்கு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ வத்தல். பறித்ததை முதலில் குவித்து வைத்து நிறம் ஏறவிடுகிறார்கள். பிறகு தார்ப்பாயில் பரப்பிக் கிளறி, பொழுது சாய்ந்ததும் பனி படாமல் மூடி, காலையில் மறுபடி பரப்புகிறார்கள். வெறுந்தரையில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நச்சு வரம்பை மீறினால் ஏற்றுமதிக்கு ஆகாது. வெளுத்த சோடை வத்தலை வீட்டுப் பெண்கள் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். அந்த வேலைக்குக் கூலிக் கணக்கே கிடையாது. காட்டுக்காரர் ஒரு வத்தலைக் காதருகே குலுக்கிக் காட்டினார். உள்ளே விதை கலகலத்தது. "இந்தச் சத்தம் வந்தாத்தான் மூட்டை பிடிப்போம்."

இந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான பெருமை. ஆனால் மூட்டை கமிஷன் கடைக்குப் போகும்போது அந்தப் பெருமை விலையாக மாறுவதில்லை. விதைப்புக்கு முன்பணம் கொடுத்த கடைக்கே வத்தல் போயாக வேண்டும். தரகு, சாக்கு எடை, இறக்குக் கூலி கழிந்த மிச்சம்தான் கையில். எல்லாக் காட்டு வத்தலும் ஒன்றாக வந்து குவியும் மாதங்களில் விலை இறங்குகிறது. வரத்து ஓய்ந்தபின் ஏறினால், அந்த ஏற்றம் சரக்கை இருப்பு வைத்தவருக்குப் போகிறது. விளைவிப்பதில் இந்தக் காட்டுக்காரர்களிடம் எந்தக் குறையும் இல்லை. காத்திருக்கத்தான் வழியில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். காட்டுக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் தெரியும். "மொத்தத்தையும் வைக்கணும்னா கடைக்காரருக்கு என்ன பதில் சொல்றது? இந்த வருஷம் ரெண்டு மூட்டைய மட்டும் நிறுத்திப் பாக்கப் போறேன்," என்றார்.