தாழ்வாரத்துச் செடியும் வீட்டுப் பூனையும்

தாராசுரத்தில் முற்றம் வைத்த பழைய வீடுகளின் தாழ்வாரத்தில் வெயில் நேராக விழுவது சொற்ப நேரமே. மற்றபடி அங்கே தங்குவது வெளிச்சம் மட்டும்தான். மான்ஸ்டெராவுக்கு வேண்டியதும் அதுவே. தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறும் கொடி அது. எங்கள் வீட்டில் தேங்காய் நார் சுற்றிய கம்பைப் பற்றி ஆளுயரம் தாண்டிவிட்டது. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே நீர் வார்க்கிறோம். தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் குறைப்பது கடினமான பயிற்சிதான்.

சிக்கல் பூனையின் உருவில் வந்தது. ஒருநாள் இளந்தளிரைக் கடித்துவிட்டு, எச்சில் ஒழுக, முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கால்நடை மருத்துவர் வாயைக் கழுவிவிட்டு, மூச்சுத் திணறுகிறதா என்று இரவு முழுவதும் கவனிக்கச் சொன்னார். மறுநாள்தான் சோற்றில் வாய் வைத்தது.

காரணம் எங்கள் அடுக்களைக்கு அந்நியமானது அன்று. கருணை, சேம்பு, மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா யாவும் ஒரே குடும்பம். அவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களாக இருக்கிறது. பச்சையாக மென்றால் வாயிலும் தொண்டையிலும் குத்தும். கருணைக்கிழங்கைப் புளி விட்டு வேகவைப்பது இந்தக் காறலை அடக்கத்தான். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. தொண்டை வீங்கினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. லில்லி அப்படியன்று, அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சைகஸ் விதை நாயின் ஈரலைக் கெடுக்கும்.

செடியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. பெரியம்மா ஒப்பவில்லை. மறைந்த பெரியப்பா கடைசியாக நட்டது அது. பூனையோ அவர் போன பிறகு பெரியம்மாவின் காலடியிலேயே உறங்குவது. இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்லும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை.

ஆகவே, கையுறை அணிந்து கீழ் இலைகளை நறுக்கினோம். மற்றவற்றைக் கம்போடு உயர்த்திக் கட்டினோம். பூனை மண்ணைத் தோண்டாதிருக்கத் தொட்டியில் பெரிய கூழாங்கற்களைப் பரப்பினோம். மெல்லுவதற்கு அதற்கும் ஏதேனும் வேண்டுமே. முற்றத்தின் மறுகோடியில் அருகம்புல் வளர்த்தோம். இப்போது அது அங்கேதான் மேய்கிறது. உதிரும் இலைகளை உடனுக்குடன் பொறுக்குகிறோம். புல்லுக்கு நீர் வார்க்கும் பொறுப்பைப் பெரியம்மா தாமே எடுத்துக்கொண்டார். லில்லியும் சைகஸும் வாங்குவதில்லை என்பது வீட்டின் பொது முடிவு.