கார் சாவி தொலைந்தால் எங்கே போவது? ஜி.பி. ரோடில் ஒரு மதியம்!

சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கென்றே ஒரு ரூட் இருக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போனால் புதுப்பேட்டை. 2006-ல் வந்த செல்வராகவன் படத்தால் இந்தப் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். வண்டிக்காரர்களுக்கு மட்டும் அது வேறு புதுப்பேட்டை. பிரித்துப் போட்ட பம்பர், கதவு, ஹெட்லைட், இன்ஜின் எனத் தெருவெங்கும் கார்கள் துண்டுதுண்டாகக் கிடக்கும். அங்கிருந்து ஆதித்தனார் சாலை வழியாகக் கூவத்தைத் தாண்டி அண்ணா சாலைக்கு வந்தால், ஒரு பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு ரிச்சி தெரு. மறுபக்கம் சீட் கவர், ஸ்டீரியோ, சன் ஃபிலிம் என்று கார்களுக்கு அலங்காரம் செய்யும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. முழுப்பெயர் சொன்னால் பலர் முழிப்பார்கள். 'ஜி.பி. ரோடு' என்று சொல்லுங்கள், ஆட்டோ கிளம்பிவிடும்.

இந்த ரோடின் பளபளப்பான ஷோரூம்களுக்கு நடுவே, ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடும் அளவுக்குச் சின்னதாகச் சில சாவிக் கடைகள் இருக்கின்றன. சுவர் முழுக்க வெறும் சாவிகள் தொங்குகின்றன. மேஜையில் ஒரு கட்டிங் மெஷின், பக்கத்தில் ஒரு டேப்லெட். கார் சாவி தொலைத்தவர்கள் கடைசியாக வந்து சேரும் இடம் இதுதான்.

"அரம் வெச்சு ராவுன காலம் போச்சு!"

"எங்க வாப்பா காலத்துல ஒரு அரம், ஒரு பட்டறைப் பிடி போதும். சாவியப் பாத்தே ராவிடுவாரு. இப்ப சாவி வெட்டுறது பாதி வேலதான் தம்பி. மீதி வேல கம்ப்யூட்டர்ல இருக்கு" என்கிறார் ஒரு கடைக்காரர். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் அழைக்கிறார்கள்.

அந்த மீதி வேலையைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். இன்றைய கார் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு துளியூண்டு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பும்போது, பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து மின்சக்தி எடுத்துக்கொண்டு, தன் அடையாள எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டர் 'இது நம்ம வீட்டுச் சாவிதான்' என்று ஒப்புக்கொண்டால்தான் இன்ஜின் ஓடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். மாருதி சுசூகி தன் கார்களில் இதை 'ஐகேட்ஸ்' என்று அழைக்கிறது.

கதவைத் திறக்கும் ரிமோட் பட்டன் இதிலிருந்து வேறு. அதற்கு பேட்டரி வேண்டும். அதனால்தான் ரிமோட் செத்துப்போனாலும் சாவியைப் போட்டால் வண்டி ஓடுகிறது. சிப் போய்விட்டால், ரிமோட் கதவைத் திறந்துவிடும், இன்ஜின் மட்டும் ஓடாது.

ரெக்கவரி வண்டியில் வந்த கார்

நாம் போயிருந்த மதியம், ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி வந்தது ஒரு வெள்ளை ஹேட்ச்பேக். டிரைவர் அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். முதல் நாள் இரவு கோயம்பேட்டில் சவாரியை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போன இடத்தில் சாவி எங்கோ விழுந்துவிட்டது. ஸ்டீயரிங் லாக் ஆகியிருந்ததால் கயிறு கட்டி இழுக்கவும் வழியில்லை.

"இன்னொரு சாவி இல்லையாண்ணே?" என்று கேட்டோம்.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போதே ஒரு சாவிதான் குடுத்தாங்க. அதுக்காக ரெண்டாயிரம் கொறைச்சாங்க. லாபம்னு நெனச்சேன். அஞ்சாந்தேதி டியூ கட்டணும் தம்பி, வண்டி ஓடலைன்னா எங்க போறது?"

பாய் காரைத் தொடவே இல்லை. "ஆர்.சி. புக் காட்டுங்க" என்றார். வண்டி மனைவியின் பெயரில் இருந்தது. "அப்போ அவங்கள வரச் சொல்லுங்க, ஆதாரோட."

டிரைவர் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பாய், என்னப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு? அவ அம்பத்தூர்ல இருந்து பஸ் புடிச்சு வரணும்!"

"திருடனும் இப்படியே உங்கள மாதிரித்தான் வருவான். மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கும்? வரட்டும், நான் மத்த வேலையப் பாக்குறேன்."

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த அக்கா வந்து சேர்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆர்.சி.யையும் ஆதாரையும் நீட்டினார். பாய் இரண்டையும் சரிபார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் டூல்ஸ் பெட்டி திறந்தது.

ஒரு சாவி பிறக்கிறது

முதலில், கதவுப் பூட்டுக்குள் மெல்லிய கருவி ஒன்றை விட்டு, உள்ளேயிருக்கும் தகடுகளின் உயரத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். அந்த எண்களை மெஷினில் கொடுத்ததும் வெறும் சாவியில் பற்கள் விழுந்தன. கதவு திறந்தது. அண்ணன் முகத்தில் சிரிப்பு. "அவசரப்படாதீங்க" என்ற பாய், சாவியைப் போட்டுத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மீட்டர் பக்கத்தில் சாவிப் படம் போட்ட விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. "பல்லு சரி. ஆனா யாருன்னு வண்டிக்குத் தெரியல."

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் டேப்லெட்டின் ஒயர் போனது. வேலையை ஆரம்பிக்கும் முன் கார் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்தார். பாதியில் பவர் போனால் காரின் கம்ப்யூட்டரே மக்கர் செய்யக்கூடும். பிறகு பழைய பதிவை அழித்து, இரண்டு புதிய சாவிகளின் சிப்புகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். கண்சிமிட்டிய விளக்கு அணைந்தது. இன்ஜின் உறுமியது.

"தொலைஞ்ச சாவி யார் கையிலயாவது கெடைச்சா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"அத வெச்சு வண்டிய ஸ்டார்ட் பண்ண முடியாதும்மா, அழிச்சாச்சு. கதவத் தொறக்கலாம். அதனால உள்ள பணம், பேப்பர் எதையும் வெச்சுட்டுப் போகாதீங்க. மனசு கேக்கலைன்னா பூட்டையும் மாத்திடலாம்."

கிளம்பும்போது அண்ணன் இன்னும் முறைப்பாகவே இருந்தார். அக்காதான் சொன்னார்: "என் வண்டிய வேற எவனாச்சும் இங்க கொண்டாந்து நிறுத்துனா, கேக்காம சாவி போட்டுக் குடுத்துட்டா நம்ம கதி என்ன? பஸ்ஸுல வந்தது பரவால்ல."

கடைக்குப் போகும் முன்...

சிப் இல்லாத பழைய சாவிக்கு சில நூறு ரூபாய் போதும். சிப் சாவி என்றால் ஆயிரங்களில் செலவாகும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளின் ஸ்மார்ட் கீ பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. கையில் ஒரு சாவி இருக்கும்போதே இன்னொன்று செய்தால் செலவும் அலைச்சலும் குறைவு. போகும்போது வண்டியோடு வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். சில கார்களில் புதுச் சாவியைப் பதியும்போது, அங்கே இல்லாத பழைய சாவி செல்லாமல் போய்விடும். ஆவணம் எதுவும் கேட்காமல் சாவி செய்து தரும் கடையாக இருந்தால், மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பல ரிமோட்களில் இருப்பது 2032 என்ற எண் போட்ட வட்ட பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஸ்மார்ட் கீயில் பேட்டரி தீர்ந்துவிட்டால் பதற வேண்டாம். அதற்குள்ளேயே கதவைத் திறக்க ஒரு சின்னச் சாவி ஒளிந்திருக்கும். பல கார்களில் கீயை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் இன்ஜின் ஓடும்.

பழைய கார் வாங்கும்போது 'எத்தனை சாவி?' என்று கேளுங்கள். கார் திருடுபோய் இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனால், கம்பெனிகள் வண்டியின் எல்லாச் சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். சாவி தொலைந்தால் செலவைத் தரும் கூடுதல் கவரேஜும் பல பாலிசிகளில் கிடைக்கிறது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. பீரோவில் பல வருடங்களாகத் தூங்கும் அந்த இரண்டாவது சாவியை எடுத்து, கதவைத் திறக்கிறதா, வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்!