லேப்டாப்போட கிளம்புறீங்களா? ஒரு நிமிஷம்!

ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் கூடினா இப்போ ஓடுற பேச்சு என்ன? கேம்பஸ் இன்டர்வியூ, கிரிக்கெட், அதுக்கு அடுத்தபடியா, ‘மச்சி, வேலையை வெளிநாட்டுல உட்கார்ந்தே பார்க்கலாமாம்டா!’ கடற்கரை, கையில இளநீர், மடியில லேப்டாப்... இந்த போட்டோ உங்க போன்லயும் நிச்சயம் இருக்கும். (அந்த வெயில்ல ஸ்க்ரீன்ல ஒரு எழுத்துகூடத் தெரியாதுங்கிறது வேற விஷயம்.)

இதைப் பத்திப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கு. சேலம் அஸ்தம்பட்டியில எங்க வீட்டு மாடியில இருக்கிற பெரியப்பா பொண்ணு ஆறு மாசமா கோலாலம்பூருக்குக் கிளம்பிக்கிட்டே இருக்காங்க. கவனிங்க, ‘கிளம்பிட்டாங்க’ இல்லை, ‘கிளம்பிக்கிட்டே’!

அக்கா சாஃப்ட்வேர்ல ஏழு வருஷ அனுபவசாலி. கம்பெனி ஆஸ்திரேலியாவுல, வேலை வீட்டுல. மெல்போர்ன்ல காலை 9 மணி மீட்டிங்னா இங்கே விடியக்காலை நாலரை. அங்கே கோடைக்காலம் வந்து கடிகாரத்தை மாத்திட்டா மூணரை! கோலாலம்பூர் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுது. அங்கே உட்கார்ந்தா அதே மீட்டிங் காலை ஏழுக்கு. ‘ஒரு வருஷமாவது மனுஷியா தூங்கி எழுந்திரிக்கிறேனே சித்தப்பா’ன்னு எங்கப்பாகிட்ட கேட்டாங்க. சபாஷ், சரியான காரணம்!

வீட்டுலயே வேலை பார்க்கிறது எங்க ஊருக்குப் புதுசு இல்லை. அம்மாபேட்டைப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தறி. செவ்வாப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை. ஆனா, ‘வீட்டுல பார்க்கிற வேலையை எதுக்குடி கடல் தாண்டிப் போய் வேற வீட்டுல பார்க்கணும்?’னு பாட்டி கேட்டப்போ யார்கிட்டயும் பதில் இல்லை. மலேயான்னாலே பாட்டிக்கு பயம். சும்மா இல்லை பாஸ்... ரப்பர் தோட்டங்களுக்கு கங்காணிகள் ஆள் பிடிச்ச ஜில்லாக்கள்ல சேலமும் ஒண்ணு. ரெண்டு மூணு வருஷத்துல திரும்பிடலாம்னு நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினவங்கள்ல பல பேர் திரும்பவே இல்லை. 1938-ல இந்திய அரசு தடை போட்ட பிறகுதான் அந்த ஆள் சேர்ப்பு நின்னுச்சு. ‘கொஞ்ச நாளைக்குத்தான்’ங்கிற வார்த்தையை பாட்டி நம்பாததுல நியாயம் இருக்கு.

சரி, அக்கா கதைக்கு வருவோம். ‘மலேசியாவுக்குத்தான் விசாவே வேணாமே!’னு நானும் அறிவாளி மாதிரி சொன்னேன். 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்கள் விசா இல்லாம 30 நாள் தங்கலாம்னு மலேசியா அறிவிச்சது உண்மைதான். ஆனா, அது ஊர் சுத்திப் பார்க்க. ரூம் எடுத்து உட்கார்ந்து சம்பள வேலை பார்க்க இல்லை. அதுக்குன்னே தனி அனுமதி இருக்கு. 2020 ஆகஸ்ட்ல எஸ்தோனியா இப்படி ஒரு விசாவை ஆரம்பிச்சது. மலேசியா 2022 அக்டோபர்ல ‘டிஇ ரந்தாவ்’னு ஒரு பாஸ் கொண்டுவந்தது. மூணு மாசத்துல இருந்து பன்னிரண்டு மாசம் வரைக்கும் தங்கலாம். அப்புறம் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம். தாய்லாந்து 2024 ஜூலையில ‘டிடிவி’ன்னு ஒண்ணு. அஞ்சு வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவையும் 180 நாள்.

ஆஹா, பையைக் கட்டுடான்னு எழுந்திருக்கிறீங்களா? உட்காருங்க. மலேசியா பாஸுக்கு ஐ.டி. ஆளுங்க வருஷத்துக்கு 24,000 டாலருக்கு மேல சம்பாதிக்கிறதா நிரூபிக்கணும். நம்ம பணத்துல 20 லட்சத்துக்கும் மேலே! தாய்லாந்துக்கு பேங்க்ல 5 லட்சம் பாத் காட்டணும். அது 13 லட்ச ரூபாயைத் தாண்டும். வயசு மட்டும் 20 ஆனா போதும். எனக்கு 20. அதுல மட்டும் நான் பாஸ்!

அக்காவோட ஃபைல் இப்போ டிக்‌ஷனரி தடிமன். வேலை ஒப்பந்தம், சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், மருத்துவ இன்ஷூரன்ஸ். எல்லாத்தையும்விட நாளை இழுத்தது, ‘எங்க ஊழியர் அங்கே இருந்து வேலை பார்க்கலாம்’னு கம்பெனி எழுதித் தர வேண்டிய ஒரே ஒரு கடுதாசி. ஆறு வாரம்! எதுக்கு யோசிக்கிறாங்கன்னா, வரி. மலேசியாவுல ஒரு வருஷத்துல 182 நாள் தங்கினா வரிக் கணக்குல நீங்க அந்த ஊர்க்காரர் ஆகிடுவீங்க. ரெண்டு நாடும் ஒரே சம்பளத்துக்கு ரெண்டு தடவை வரி போடாம இருக்க ஒப்பந்தம் இருக்கு. ஆனா, அதைக் காட்டி சலுகை கேட்க வேண்டியது நம்ம வேலை. அக்கா ஒரு ஆடிட்டரைப் பிடிச்சு நாள் கணக்கெல்லாம் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க.

சின்னச் சின்ன வேலைகள் தனி. நம்ம டெபிட் கார்டுல வெளிநாட்டு உபயோகம் தானா வேலை செய்யாது, நாமளே பேங்க் ஆப்ல ஆன் பண்ணணும். ஓ.டி.பி. வர்றது இந்திய நம்பருக்கு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே ரோமிங் போட்டுடணும். மலேசியா பிளக்குக்கு முள் மூணும் சதுரம், நம்ம சார்ஜர் நுழையாது. பெரியம்மாவோ பருப்புப்பொடியில நிக்கிறாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல இட்லி, தோசையே கிடைக்கும்னு சொன்னாலும் காதுல வாங்கலை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்? காரணம் எங்க காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர். ராசிபுரம் பக்கம். அப்பா சேகோ ஃபேக்டரியில வேலை. போன வருஷம் படிப்பை முடிச்சாரு, பிளேஸ்மென்ட் ஆகலை, கல்விக் கடன் நிக்குது. போன வாரம் ஒரு மெசேஜை எனக்கு அனுப்பினாரு. ‘பாங்காக்ல கம்ப்யூட்டர் வேலை. மாசம் 80,000. டிக்கெட், ரூம், சாப்பாடு இலவசம். ஆறு மாசம் போதும், அப்புறம் சேலத்துல இருந்தே ரிமோட்ல பார்க்கலாம். அனுபவம் தேவையில்லை.’ ஒரு டைப்பிங் டெஸ்ட், பத்து நிமிஷ வீடியோ கால். முடிஞ்சது இன்டர்வியூ!

ஏழு வருஷ அனுபவம் இருக்கிற அக்காகிட்ட அத்தனை காகிதம் கேட்டாங்க. இவர்கிட்ட கேட்டது பாஸ்போர்ட் காப்பியும் 50,000 ரூபாயும்.

இது எங்கே போய் முடியும்னு தெரியும் ஃப்ரெண்ட்ஸ். 2022 செப்டம்பர்ல வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை கொடுத்துச்சு. தாய்லாந்துல ‘டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங்’ வேலைன்னு ஐ.டி. தெரிஞ்ச இளைஞர்களைக் குறிவச்சு அழைக்கிறாங்க, சட்டவிரோதமா எல்லை தாண்டி பெரும்பாலும் மியான்மருக்குக் கொண்டுபோய் அடைச்சு வைக்கிறாங்கன்னு. பாங்காக்ல இருந்து சுமார் 500 கிலோ மீட்டர் ரோடு, மே சோட்ங்கிற ஊர், ஒரு ஆறு. அந்தக் கரை மியாவடி. அங்கே வேலைன்னா, போன்லயும் சாட்லயும் முகம் தெரியாதவங்களை ஏமாத்திப் பணம் பறிக்கிறது. அடுத்த மாசமே மீட்கப்பட்ட 13 தமிழர்கள் ஊர் திரும்பினாங்க. அதோட முடியலை. 2025 மார்ச்ல ரெண்டே நாள்ல 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் கூட்டிட்டு வந்துச்சு. அதுல இன்ஜினீயரிங் படிச்சவங்க இருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறீங்களா?

அண்ணன்கிட்ட சொன்னேன். ‘தெரியும்டா தம்பி, எல்லா ஏஜென்ட்டும் அப்படியா இருப்பாங்க?’ன்னாரு. கோபம் வரலை. கடன் வாங்கின வீட்டுல உட்கார்ந்திருக்கிறவருக்கு 80,000-ங்கிற நம்பர் எப்படித் தெரியும்னு யோசிச்சேன்.

அக்காதான் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்தாங்க. எந்த விசா, அதோட பேர் என்ன? கம்பெனி எங்கே பதிவாகியிருக்கு? இ-மைக்ரேட் தளத்துல தேடிப் பார்க்க ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பர் என்ன? பாங்காக் இந்தியத் தூதரகத்துக்கு மெயில் போட்டு இந்தக் கம்பெனியைப் பத்தி விசாரிக்கலாமா? அண்ணன் அப்படியே அனுப்பினாரு. பதில் அஞ்சு நிமிஷத்துல வந்துச்சு: ‘தம்பி, டூரிஸ்ட்டா போய் இறங்கு, மத்ததை அங்கே பார்த்துக்கலாம். சீட் ரெண்டுதான் பாக்கி.’

அண்ணன் இப்போ கொஞ்சம் தயங்குறாரு. ஆனா, அவங்கம்மா தோட்டை அடகு வைக்க அப்பா நாள் பார்த்தாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில நானும் அக்காவும் ராசிபுரம் பஸ் ஏறுறோம். அவங்கப்பாகிட்ட பேசணும். அக்கா அந்தத் தடி ஃபைலையும் எடுத்துட்டு வர்றாங்க.