இரும்பிலும் ஓர் இல்லம்

(மூன்றாமாண்டு, இளங்கலை இயற்பியல்)

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பதும் அவர்கள் வாக்கே. முன்னது ஆசையை மூட்டுகிறது. பின்னது அச்சத்தை ஊட்டுகிறது. இவ்விரண்டு பழமொழிகளுக்கும் நடுவில் நின்று தவிக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அந்தத் தவிப்பிலிருந்து சென்ற ஆண்டு எவ்வாறு கரையேறினோம் என்பதையும், அதனால் வகுப்பறைக்கு வெளியே நான் கற்ற இயற்பியலையும் இங்கே கூற விழைகிறேன்.

எங்கள் ஊர் அய்யம்பாளையம். திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்கு அருகே அமைந்தது. தென்னையும் மாவும் சூழ்ந்த அவ்வூரில் எங்கள் பாட்டனார் விட்டுச் சென்ற தோப்பு ஒன்று உண்டு. ஆனால் அது இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. யார் பங்கு எதுவென்று தெரியாத மண்ணில் யார் அடித்தளம் தோண்டுவது? இக்கேள்விக்கு விடை காணாமலே பதினான்கு ஆண்டுகள் வாடகை வீடுகளில் கழித்தோம். பேச்சு எழுந்த போதெல்லாம் மூன்று வீட்டாருக்கும் மனக்கசப்பே மிஞ்சியது.

என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி முடித்து, திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். பூட்டுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் நாள்தோறும் இரும்போடு பழகுகிறவருக்கு இரும்பு அந்நியமன்று. ஒருநாள் இரவு உணவின்போது அவர், "நிலம் பிரியலைன்னா என்னப்பா? கழற்றி எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு வீடு கட்டுவோம்" என்றார்.

"லாரியில ஏத்திட்டுப் போறதும் ஒரு வீடாடா?" என்று அப்பா சினந்தார்.

ஆனால் அண்ணன் மறுநாளே பெரியப்பாவிடம் சென்றார். "நாளைக்கு அந்த இடம் என் பங்குக்கு வந்தா என்னடா செய்வே?" என்று அவர் கேட்டார். "போல்ட்டைக் கழற்றித் தள்ளி வச்சுக்கிறேன் பெரியப்பா" என்றார் அண்ணன். பெரியப்பா சிரித்துவிட்டார். சித்தப்பாவும் இசைந்தார். பதினான்கு ஆண்டுகளாகத் தீராத வழக்கு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. பங்கு பிரியவில்லை, மனக்கசப்பு பிரிந்தது!

கழற்றி மாட்டும் வீடு உலகுக்குப் புதிதன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். பிரான்சு நாட்டில் ழான் புருவே என்பவர் கொல்லர் தொழில் பயின்று வடிவமைப்பாளராக உயர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் வீடிழந்த லொரேன் பகுதி மக்களுக்காக 1944ஆம் ஆண்டையொட்டி, ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட சிறு வீடுகளை அவர் வடிவமைத்தார். எலும்புக்கூடு உலோகம்; சுவர் மரப்பலகை. சிலர் கூடினால் ஒரே நாளில் நிறுத்திவிடலாம். இதை அப்பாவிடம் கூறினேன். "அது குளிர் நாடு, இங்க வெயில் அடிக்கும்" என்றார். அவர் கூறியதிலும் உண்மை இருந்தது.

இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம் என்று அளவு முடிவாயிற்று. இரண்டு தூண்களும் அவற்றின்மேல் ஒரு கூரைச் சட்டமும் சேர்ந்தது ஒரு சட்டகம். அவ்வாறு நான்கு சட்டகங்கள், எட்டுத் தூண்கள். மொத்த இரும்பு ஏறத்தாழ 600 கிலோ. சட்டகங்களைப் பட்டறையிலேயே விடுமுறை நாள்களில் வெல்டிங் செய்து, டிராக்டரில் ஏற்றி வந்து, தோப்பில் போல்ட் மட்டும் முடுக்குவது அண்ணனின் திட்டம். கைக்கு அடக்கமான பட்டறையில் வைக்கும் வெல்டிங் உறுதியாக அமையும். ஏணிமேல் நின்று வைப்பது அவ்வாறு அமைவது கடினம்.

வெல்டிங் ராடின் நுனியில் எழும் மின்வில்லுக்குச் சுமார் 25 வோல்ட் அழுத்தமே போதும். ஆனால் மின்னோட்டமோ 100 ஆம்பியர் அளவுக்கு ஓடும். எஃகு சுமார் 1,500 டிகிரி செல்சியசில் உருகும். மின்வில்லின் வெப்பம் அதைப்போல் பல மடங்கு. ராடின்மேல் பூசியிருக்கும் மருந்து எரிந்து, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கார் கெல்பெர்க் கண்ட வழி இது. நம் திருச்சி பெல் நிறுவனத்தில் 1975ஆம் ஆண்டிலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது சட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே முதலில் நான்கு மூலைகளிலும் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, மூலைவிட்டம் அளந்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாகச் சிறிது சிறிதாக முடிக்க வேண்டும். தோப்பில் இடம் குறித்தபோது இருபதுக்குப் பன்னிரண்டு செவ்வகத்தின் மூலைவிட்டம் 23 அடி 4 அங்குலம் வந்தது. பிதாகோரஸ் தேற்றம் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று என்பதை அன்று கண்ணாரக் கண்டேன்.

என் பங்கு அடித்தளக் கணக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி எங்கள் மலைப்பகுதி வரை வந்து அலைக்கழித்ததை நாங்கள் மறக்கவில்லை. கல்வீட்டுக்கு இடிந்து விழும் அச்சம். தகரக் கூரை வீட்டுக்கோ பறந்து போகும் அச்சம். மதுரைப் பகுதிக்கு இந்தியத் தர நிர்ணயம் கூறும் காற்றின் வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அவ்வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகும். எங்கள் கூரை 22 சதுர மீட்டருக்குச் சற்று மேல். தோராயமாகக் கணக்கிட்டாலும் இரண்டு டன் விசை அதை மேலே தூக்கும். கூரைத் தகடோ நூறு கிலோவுக்குச் சற்றே அதிகம். எனவே தூண் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில், இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட் இட்டு, வளைந்த போல்ட்டுகளைப் புதைத்தோம். ஒரு குழிக் கான்கிரீட்டின் எடை சுமார் 380 கிலோ. எட்டும் சேர்ந்தால் மூன்று டன். சுமையைத் தாங்குவது மட்டுமன்றி, வீட்டைப் பறக்கவிடாமல் பிடித்து வைப்பதும் அடித்தளத்தின் கடமையே.

அப்பா கூறிய வெயிலுக்கும் விடை தேடினோம். தகட்டின்மேல் ஓர் அடி இடைவெளி விட்டு மூங்கில் கட்டி, தோப்பிலேயே முடைந்த தென்னங்கீற்றை வேய்ந்தோம். இடைவெளியில் காற்று ஓட, வெப்பம் உள்ளே இறங்குவது பெரிதும் குறைந்தது. கீற்று ஏறுமுன் தீப்பொறி வேலை அனைத்தும் முடிந்திருக்க வேண்டும் என்பதில் அண்ணன் கண்டிப்பாக இருந்தார். அடியில் மூன்றடி உயரம் கல் சுவர். அதற்கு மேல் திருகாணியில் நிற்கும் சிமெண்ட் பலகை. வெல்டிங் வைத்த இடங்களைத் தேய்த்து ரெட் ஆக்சைடு இரு முறை பூசினோம். இரும்பு வீட்டுக்கு எர்த் கம்பியும், மின்கசிவு கண்டால் தானே அணையும் சுவிட்சும் உயிர்க்காப்பு; அவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அமைத்தோம்.

வழியில் சென்றோர், "என்னப்பா, வீடு கட்டுறியா, பட்டறை போடுறியா?" என்று கேலி பேசியதுண்டு. அம்மா மட்டும் ஒன்றில் பிடிவாதமாக நின்றார்: "நிலை மரத்துலதான் இருக்கணும்." பெரியப்பாவின் பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் பாட்டனார் காலத்து வேப்பமர நிலை ஒன்று சாத்திக் கிடந்தது. யாரும் கேட்கவில்லை; அவரே மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். இரும்புத் தூண்களுக்கு நடுவே அந்நிலையை நிறுத்தி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டியபோது மூன்று வீட்டாரும் ஒன்றாக நின்றார்கள்.

இரும்பு வீடு எல்லார்க்கும் ஏற்றது என்று நான் வாதிடவில்லை. ஆண்டுக்கொரு முறை துரு பார்த்துப் பூச வேண்டும். கீற்றையும் மாற்ற வேண்டும். ஆனால் அதன் ஒவ்வோர் இணைப்பும் எங்கே இருக்கிறது, யார் கையால் வைத்தது என்று எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரியும். பழுது வந்தால் பிறரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வீட்டின் உறுதி கல்லிலோ இரும்பிலோ மட்டும் இல்லை, இணைப்பில் இருக்கிறது. குடும்பத்திற்கும் அது பொருந்தும்.

மாணவ நண்பர்களே! ஏட்டில் நாம் படிக்கும் விசையும் வெப்பமும் மின்னோட்டமும் நம் ஊர்ப் பட்டறைகளில் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அங்கே கரி படிந்த கையோடு நிற்பவர் பட்டம் பெறாதவராக இருக்கலாம். ஒரு விடுமுறை நாளில் அவர் அருகே சென்று நில்லுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் மின்வில்லை நோக்காதீர்கள். கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். நாம் படித்த கணக்கும் அவர் பழகிய கையும் சேர்ந்தால், நம்மில் பலருக்கு வாடகைக் கவலை இல்லாத ஒரு தனி வளை கட்டாயம் கிட்டும்.