முள் ஏறாத வண்டியும் பதினேழு லிட்டர் பெட்ரோலும்

டிஸ்கி: வண்டி பத்தின பதிவுதான். ஆனா நடுவுல கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங் வரும். எங்க கிளாஸ் மக்கள் பல்லைக் கடிச்சுக்கிட்டு படிங்க, மத்தவங்க அந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போயிடலாம் :)

எங்க வீட்டு வண்டி 2004 மாடல் மாருதி 800. மூணு சிலிண்டர், 796 சிசி, பவர் ஸ்டியரிங் கிடையாது. அப்பா இதை செகண்ட் ஹேண்ட்ல 2009-ல வாங்கினார். பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ரெண்டு தடவை ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. தஞ்சாவூர்ல எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கு. மாசம் ரெண்டு தடவை அப்பா கும்பகோணம் தாண்டி நாச்சியார்கோயில் போய் குத்துவிளக்கு எடுத்துட்டு வருவார். பித்தளை விளக்கு ஏத்தின பிறகு பின்பக்கம் பாத்தா, வண்டி உக்காந்து எந்திரிக்க முடியாத பாட்டி மாதிரி இருக்கும். அப்படியும் லிட்டருக்கு 16.8 கிலோமீட்டர் கொடுத்துக்கிட்டு இருந்தது. இது நான் சும்மா அடிச்சு விடுறதில்ல. அப்பா கடைக்காரர், பெட்ரோல் போட்ட தேதி, ரூபாய், கிலோமீட்டர் எல்லாத்தையும் பாக்கெட் டைரில எழுதி வைப்பார். 2023 டைரியை முழுசாக் கூட்டிப் பாத்தா வர்ற சராசரி அது.

2024 மே மாசம் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஜூன்ல இருந்து பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் ஆக்டிங் டிரைவரா வந்தார். ரொம்பப் பொறுமையானவர். நாய் குறுக்க வந்தாக்கூட ஹாரன் அடிக்க மாட்டார், நின்னு வழிவிடுவார். அப்பாவைக் கைத்தாங்கலா இறக்கி கடைக்குள்ள உக்கார வெச்சுட்டுத்தான் வண்டியை ஓரங்கட்டுவார்.

2025 பிப்ரவரில ஒரு நாள் வேலை வெட்டி இல்லாம அப்பாவோட டைரியை எடுத்து எக்செல்ல ஏத்தினேன். (செமஸ்டர் லீவு. வேற என்ன செய்யறது.) அங்கதான் வந்தது வினை. ஜூன் 2024-ல இருந்து சராசரி 11.3. மாசம் சுமார் 600 கிலோமீட்டர் ஓடுது. 16.8 கணக்குல 36 லிட்டர் போதும், ஆனா 53 லிட்டர் குடிச்சிருக்கு. மாசம் பதினேழு லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல விக்கிற காலத்துல ஆயிரத்து எழுநூறு ரூபாய் சொச்சம்.

இப்ப அந்த காஸ்ட் அக்கவுண்டிங் பத்தி. புராசஸ் காஸ்டிங்ல ரெண்டு வகை நட்டம் படிப்போம். எந்தத் தொழில்லயும் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும், அது நார்மல் லாஸ். அதுக்கு மேல போனா அப்நார்மல் லாஸ், அதுக்குத் தனியாக் கணக்கு திறக்கணும். காரணம்னு கேட்டா திருட்டு, தீ விபத்து, கவனக்குறைவு, இயந்திரக் கோளாறுன்னு வரிசையா எழுதுவோம், ரெண்டு மார்க் கிடைக்கும். நான் பெரிய மேதாவி மாதிரி எக்செல்ல ஒரு காலம் போட்டு 'அப்நார்மல் லாஸ் 17 லிட்டர்'னு சிவப்புல எழுதி அப்பாகிட்ட காட்டினேன். காரணம்கிற காலத்தைக் காலியா விட்டிருந்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்த சித்தப்பா அதைப் பாத்தார். "பதினேழு லிட்டர்னா மூணு கேனுக்கு மேலண்ணே. டியூப் போட்டு எடுத்தா அஞ்சு நிமிஷ வேலை. எந்த மாசத்துலேர்ந்து கொறையுதுன்னு பாரு, ஆள் வந்த மாசம்தானே?"

கிராஃப் போட்டா அவர் சொன்னது மாதிரிதான் தெரிஞ்சது. ஜூன்ல டிரைவர், ஜூன்ல சரிவு. ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்தா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆகாதுன்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதினவன் நான். அன்னைக்கு வாயைத் திறக்கல.

அப்பா அந்த அண்ணனை எதுவும் கேக்கல. கேட்டிருந்தாக்கூட பரவாயில்ல. பெட்ரோல் போட காசு கொடுத்து அனுப்புறதை நிறுத்தினார். சாவியைத் தினம் வாங்கி வெச்சார். இறங்கும்போது கிலோமீட்டரை எட்டிப் பாத்து அவர் முன்னாடியே டைரில எழுதினார். மனுஷனுக்குப் புரியாதா? மார்ச் மாசக் கடைசில, "வேற எடத்துல கூப்பிடுறாங்கண்ணே"ன்னு சொல்லிட்டு நின்னுட்டார். பாக்கிச் சம்பளத்தை எண்ணிக்கூடப் பாக்காம பாக்கெட்ல வெச்சார்.

ஏப்ரல்ல இருந்து நான் ஓட்டினேன். ஏப்ரல் 11.5. மே 11.2. ஜூன் 11.4.

அந்த மூணு நம்பரை வரிசையாப் பாத்தப்ப வயித்தைப் பிசைஞ்சது. டேங்க் மூடிச் சாவி என்கிட்ட, வண்டிச் சாவி என்கிட்ட, வண்டி வீட்டுக்குள்ள. அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "உனக்கு ஓட்டத் தெரியல, கியரைப் போட்டு இழுக்குற." சித்தப்பா ஒரு படி மேல போய், "பய எங்கயாச்சும் ஊர் சுத்துறானோ"ன்னார். ஆக அடுத்த குற்றவாளி ரெடி.

சரி, கண்டுபிடிச்சே தீரணும்னு இறங்கினேன். எனக்கு வண்டி பத்தித் தெரிஞ்சது ஸ்டியரிங், ஹாரன், அவ்ளோதான். ஆனா தணிக்கை பண்ணத் தெரியும். முதல்ல அளக்குற முறையைச் சரி பண்ணினேன். ஐநூறுக்கும் எழுநூறுக்கும் போட்டுக்கிட்டு இருந்தா பல மாசச் சராசரிதான் கிடைக்கும், ஒரு மாத்தம் பண்ணிட்டு உடனே பலன் பாக்க முடியாது. அதனால ஒரே பங்க், ஒரே மிஷின், தானா கட் ஆகிற வரைக்கும் ஃபுல் டேங்க், அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்த விடுறதில்ல. அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும் குறைஞ்சது 200 கிலோமீட்டர். (பங்க் பையன் என்னைப் பாத்தாலே "ரவுண்டா போட்டுக்கலாமா ப்ரோ"ன்னு கேப்பான். கூடாது!)

ராத்திரி வண்டிக்கு அடியில அட்டை விரிச்சு வெச்சேன். ஒழுகல, வாடையும் இல்ல. டயர் நாலுலயும் காத்து கம்மியா இருந்தது. அடிச்சதும் 11.8. ஏதோ போனாப் போகுதுன்னு கொடுத்த மாதிரி. எல்லாரும் சொன்ன ஏர் ஃபில்டரை மாத்தினேன், ஒரு புள்ளிகூட ஏறல. அப்புறம்தான் புரிஞ்சது. பழைய கார்பரேட்டர் வண்டில ஃபில்டர் அடைச்சா பெட்ரோல் அதிகம் இழுக்கும். இது இன்ஜெக்‌ஷன் வண்டி. உள்ள வர்ற காத்துக்குத் தகுந்த மாதிரிதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். ஃபில்டர் அடைச்சா இழுவைதான் போகும், மைலேஜ் பெருசா மாறாது.

அடுத்து எத்தனால். 2025-ல எல்லார் வாயிலயும் இதே பேச்சுதான், "எல்லாம் இந்த இ20 பெட்ரோலாலதான்". இதை நம்பிட்டு விட்டிருந்தா எனக்கும் நிம்மதியாப் போயிருக்கும், பழியைப் போட ஆள் கிடைச்சாச்சே. ஆனா கணக்கு இடிச்சது. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்குற சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. அதை 20 சதவீதம் கலந்தா மொத்தத்துல ஆறேழு சதவீதம் குறையும். நம்ம 16.8-ல ஏழு சதவீதம் 1.2 கிலோமீட்டர்கூட முழுசா வராது. அதுவும் 2022 மத்தியிலயே நாட்டுல சராசரி 10 சதவீதக் கலப்பு வந்தாச்சு, 2023 டைரி கணக்குலயே அதுல பாதி அடங்கிடும். மிச்ச அஞ்சு கிலோமீட்டர் எங்க போச்சு?

ஒரு நாள் விடிகாலை புது ஆத்தங்கரை ரோட்டுல, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து, மெதுவாப் போய்க்கிட்டே நியூட்ரல்ல விட்டேன். உருண்டு போகும்னு பாத்தா, கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்னுடுச்சு. மறுபடி நாலஞ்சு கிலோமீட்டர், முடிஞ்ச வரை பிரேக் மிதிக்காம ஓட்டிட்டு இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் கையைக் கொண்டு போனேன். (தொட்டுடாதீங்க.) மூணு சும்மா இருந்தது. முன்பக்க இடது சக்கரம் தோசைக்கல். பிரேக் காலிப்பர் நகர்ற பின்னு துருப்பிடிச்சு இறுகிப் போய், காலை எடுத்த பிறகும் பிரேக் டிஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. வருஷக்கணக்கா ஒரு காலைக் கட்டிப்போட்டுத்தான் வண்டி ஓடியிருக்கு, பாவம். கழட்டித் துடைச்சு கிரீஸ் வெச்சு புது பேட் போட தொள்ளாயிரம் ரூபாய். அடுத்த டேங்க் 13.3.

குதிச்சேன். ஆனா இன்னும் ரெண்டரை, மூணு பாக்கி. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாத்த மெக்கானிக் மூணையும் உள்ளங்கைல வெச்சுக் காட்டினார். மூணும் அடுப்புக்கரி. பெட்ரோல் தேவைக்கு மேல போகுதுன்னு அர்த்தம். ஏதோ சென்சார் போயிருக்கும், மாத்திப் பாத்துடலாம்னார். விலையைக் கேட்டுட்டு "அப்பாகிட்ட கேட்டு சொல்றேன்"னு வந்துட்டேன்.

கும்பகோணத்துல இருந்து திரும்பி வர்ற வழி. பாபநாசம் தாண்டி டிராஃபிக்ல நிக்கிறோம். ஆகஸ்ட் வெயில். சும்மா டேஷ்போர்டைப் பாத்துக்கிட்டு இருந்தவன் கண்ணுல டெம்பரேச்சர் முள் பட்டது. கிட்டத்தட்ட அடியில கிடந்தது. இருபது கிலோமீட்டருக்கு மேல ஓடின எஞ்சின், மண்டையைப் பிளக்கிற வெயில், முள் என்னவோ இப்பதான் தூங்கி எந்திரிச்ச மாதிரி. அப்பதான் டிரைவர் அண்ணன் குரல் காதுல கேட்டது. வந்த புதுசுல, திண்ணைல நின்னு அப்பாகிட்ட சொன்னார். "அண்ணே, வண்டி ஹீட்டே ஏற மாட்டேங்குது. முள்ளு கீழயே கெடக்கு. ஒருக்கா காட்டிடலாம்." அப்பா சிரிச்சுக்கிட்டே, "ஏறலைன்னா நல்லதுதானப்பா"ன்னார். நானும் சிரிச்சேன். முள் மேல போனாத்தான் நம்ம எல்லாருக்கும் பயம். கீழ கிடந்தா யார் பயப்படுறா?

அப்பாகிட்ட கேட்டப்ப முழுக்கதையும் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின மாசம், வல்லம் கிட்ட ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு வண்டி கொதிச்சு நின்னிருக்கு. ரோட்டோர மெக்கானிக் ஒருத்தர் ஹோஸை மாத்தினதோட, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு தெர்மோஸ்டாட் வால்வையும் கழட்டி அப்பா கைல கொடுத்துட்டார். மே மாசம் வண்டி வீட்டுல சும்மா நின்னது. ஜூன்ல அண்ணன் வந்தார்.

அந்த வால்வு எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு சின்னக் கதவு. உள்ள மெழுகு இருக்கும். எஞ்சின் குளிர்ந்து இருக்குறப்ப மூடியே இருந்து, தண்ணியை எஞ்சினுக்குள்ளயே சுத்த விடும். எண்பது டிகிரிக்கு மேல போனதும் மெழுகு உருகி விரிஞ்சு கதவைத் தள்ளும், அப்பதான் தண்ணி ரேடியேட்டருக்குப் போகும். கதவே இல்லைன்னா ஸ்டார்ட் பண்ணின நொடில இருந்து தண்ணி ரேடியேட்டர்ல ஆறிக்கிட்டே இருக்கும், எஞ்சின் சூடே பிடிக்காது. கம்ப்யூட்டருக்கு நம்ம ஊர் வெயில் தெரியாது, தண்ணியோட சூடுதான் தெரியும். "ஓ, இன்னும் குளிர்ந்துதான் இருக்கு"ன்னு காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஊத்துற மாதிரியே நாள் பூரா பெட்ரோலைத் தாராளமா ஊத்திக்கிட்டு இருக்கும். பிளக்ல கரி வந்த கதை இதுதான்.

வால்வு, கேஸ்கெட், கூலன்ட் எல்லாம் சேத்து ஆயிரத்து நூறு. அடுத்த டேங்க் 15.2, அதுக்கு அடுத்தது 15.7. மிச்சத்தை எத்தனாலுக்கும் வயசுக்கும் எழுதிட்டேன். அது நார்மல் லாஸ்.

எக்செல் ஷீட்ல காலியாக் கிடந்த காரணம் காலத்தை நிரப்பி பிரிண்ட் எடுத்து அப்பா முன்னாடி வெச்சேன். படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ரெண்டு நாள் அதைப் பத்திப் பேசவே இல்ல. மூணாம் நாள் ராத்திரி கடை சாத்திட்டு வர்றப்ப, "அந்தத் தம்பி வீட்டுப் பக்கம் விடு"ன்னார்.

அண்ணன் வெளிய கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தார். இப்ப ஒரு ஸ்கூல் வேன் ஓட்டுறாராம். அப்பா கால் வலின்னு இறங்கல. அவர்தான் எந்திரிச்சு வந்து ஜன்னல் பக்கம் குனிஞ்சார். அப்பா என்னென்னவோ ஆரம்பிச்சு, ஒண்ணும் முடிக்காம, "தப்பா நெனச்சுட்டோம்ப்பா"ன்னு மட்டும் சொன்னார். நான் ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு, "நான் போட்ட கணக்குண்ணே அது"ன்னேன்.

அவர் எங்க ரெண்டு பேரையும் பாக்கல. கண்ணு டேஷ்போர்டு மேல இருந்தது.

"முள்ளு நடுவுல நிக்குதே. வால்வு மாட்டிட்டீங்களா தம்பி?"

"மாட்டியாச்சுண்ணே."

"திங்கக்கிழமை நாச்சியார்கோயில் போகணும்"னார் அப்பா.

"திங்கக்கிழமை வேன் இருக்குண்ணே." கொஞ்ச நேரம் எதுவும் சொல்லல. "ஞாயித்துக்கிழமைன்னா சொல்லுங்க. பாக்குறேன்."