சாக்கடைக்குள் மூன்று ரோபோக்கள்

நாங்கள் இருவர், அண்ணனும் தங்கையும். இக்கட்டுரையை இருவருமாகத்தான் எழுதுகிறோம். ஒருவர் எழுதும் வரியை மற்றவர் அடிக்கிறார், அடித்ததை முன்னவர் மீண்டும் எழுதுகிறார். ஆகவே நடையில் அங்கங்கே தையல் தெரிந்தால் வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1989ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவிலிருந்து வந்த மாமா எங்களுக்கு ஒரு பிளாப்பி கொடுத்தார். வேறு பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் கால்குலேட்டர் வைத்த கைக்கடிகாரமும் கிடைத்தன. எங்களுக்கு மட்டும் சதுரமான, கறுப்பான, வளைத்தால் வளையும் ஒரு வஸ்து. கையேடு கிடையாது, பெட்டியில் இடமில்லை என்று மாமா அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். திருச்சியில் அப்பா நடத்திய கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மட்டும், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அதைத் தொட எங்களுக்கு அனுமதி. அண்ணனுக்கு வயது பதினான்கு. தங்கைக்குப் பதினொன்று. நாற்காலி ஒன்றுதான். அதில் யார் உட்கார்ந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விளையாட்டின் பெயர் 'ரோபோ ஒடிஸி'. கலிஃபோர்னியாவின் 'தி லேர்னிங் கம்பெனி' 1984இல் வெளியிட்டது. படுக்கையிலிருந்து கீழே விழும் ஒருவர் விழுந்துகொண்டே போய், 'ரோபோட்ரோபொலிஸ்' என்னும் பாதாள நகரத்தில் சாக்கடைக்குள் வந்து சேர்கிறார். அங்கிருந்து மேலேறி வீடு திரும்ப வேண்டும். துணைக்கு மூன்று ரோபோக்கள்: ஸ்பார்க்கி, செக்கர்ஸ், ஸ்கேனர். கதை இவ்வளவுதான். சுடுவதற்கு ஒன்றுமில்லை, மதிப்பெண்ணும் இல்லை. ரோபோக்கள் தாமாக எதையும் செய்யத் தெரியாதவை. நாம் அவற்றின் உள்ளே நுழைய வேண்டும். ஆம், உள்ளே. ரோபோ ஒரு பாத்திரம் மட்டுமல்ல, அது ஓர் அறை. அந்த அறையின் சுவர்களில் நான்கு பம்பர்கள், நான்கு உந்திகள், ஒரு பாட்டரி, பொருளைப் பற்றும் கை ஒன்று. சால்டரிங் பேனாவை எடுத்து இவற்றுக்கிடையே கம்பி இழுத்தால், இழுத்த விதத்துக்கேற்ப ரோபோ நடக்கும். ஒரு ரோபோவின் வயிற்றுக்குள் இன்னொரு ரோபோவையே தூக்கி வைக்கலாம். அதற்குள்ளும் நாம் ஏறி உட்காரலாம். மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார் என்று அந்த வயதில் எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

கம்பிகளுக்கு நடுவே ஆண்ட் கேட், ஆர் கேட், நாட் கேட், பிளிப்-ஃப்ளாப் என்று சில உருக்கள். அவற்றின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நாட் கேட்டை 'எதிர்க்கட்சி' என்றோம். என்ன சொன்னாலும் மாற்றியே சொல்லும். ஆண்ட் கேட்டுக்கு 'கூட்டுக் கையெழுத்து' என்று பெயர். அப்பாவின் அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் சொல். பிளிப்-ஃப்ளாப்பை ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று ஓரமாகப் போட்டு வைத்திருந்தோம்.

நிற்க. இவ்வளவு பெரிய முன்னுரைக்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு கதை முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அண்ணன் ஏன் பொறியாளர் ஆனார் என்பதற்கான கதை அது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கே பிடிபடாத ஒரு விளையாட்டை, கையேடு இல்லாமல், பதினான்கு வயதில் பிரித்து மேய்ந்தான் என்பது அப்பா சொல்லும் வடிவம். அது நடந்த விதம் வேறு.

சுவரில் முட்டிய ரோபோ திரும்பி எதிர்ச்சுவர் வரை போக வேண்டும். அண்ணன் மேல் பம்பரிலிருந்து மேல் உந்திக்கு நேராக ஒரு கம்பி இழுத்தார். ரோபோ மேல்சுவரில் முட்டியது, உந்தி ஒரு கணம் சீறியது, ரோபோ ஒரு விரற்கடை விலகியது, விலகியவுடன் பம்பர் சுவரை விட்டது, மின்சாரம் அற்றது, உந்தி அணைந்தது. அங்கேயே நின்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அது அங்கேயே நின்றது. அண்ணன் கம்பியை மாற்றி மாற்றி இழுத்தார். தங்கை பக்கத்தில் நின்றபடி, பழைய பேரேட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் அவர் இழுக்கும் ஒவ்வொரு கம்பியையும் வரைந்துகொண்டிருந்தாள். விசைப்பலகைக்குத்தான் அவள் கை எட்டவில்லையே தவிர, தாளுக்கு எட்டியது. மூன்றாவது ஞாயிறு அவள் சொன்னாள்:

"அது முட்டினதை உடனே மறந்துடுதுண்ணா."

பிறகு ஓரத்தில் கிடந்த அந்த உதவாத பொருளைக் காட்டி, "இதைத் தொட்டா அந்தப் பக்கம் சாயுது, விட்டாலும் சாஞ்சேதான் இருக்குது" என்றாள். பிளிப்-ஃப்ளாப்பின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகப் பின்னாளில் எந்தப் பாடநூலிலும் அண்ணன் படிக்கவில்லை. மேல் பம்பர் அதை ஒரு பக்கம் சாய்க்கிறது, மேல் உந்தி எரிகிறது, கீழ் பம்பர் மறுபக்கம் சாய்க்கும் வரை அது எரிந்துகொண்டே இருக்கிறது. ரோபோ மேலும் கீழுமாக, மேலும் கீழுமாக, ஓயாமல் நடந்தது. இருவரும் கத்திய கத்தலில் அப்பா உள்ளே வந்தார். "யார் பண்ணினது?" என்றார். நாற்காலியில் இருந்தவர், "நான்தான்" என்றார்.

அது பொய்யென்று அன்று இருவருக்கும் தோன்றவில்லை என்பதே உண்மை. (இவ்வரியைத் தங்கை எழுதினாள். அண்ணன் அடித்தார். தங்கை மீண்டும் எழுதியிருக்கிறாள்.) கம்பி இழுத்தவர் அவர்தானே.

1993இல் அண்ணன் பொறியியல் படிக்கப் போனார். 1996இல் தங்கை கணிதத்தில் அவரைவிட மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்கி, பி.காம். சேர்ந்தாள். வீட்டில் பணம் இல்லை. இருந்த பணம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. பெண்ணுக்கு உள்ளூர்க் கல்லூரி போதும் என்பது அக்காலத்தில் விவாதிக்கப்பட வேண்டிய கருத்தாகவே கருதப்படவில்லை. அவள் இன்று கணக்குத் தணிக்கையாளர். அப்பாவின் அலுவலகத்தை அவள்தான் நடத்துகிறாள். இதில் பரிதாபத்துக்கு எதுவுமில்லை என்று இங்கே சேர்க்கச் சொல்கிறாள். சேர்த்துவிட்டோம்.

சென்ற ஆண்டு அண்ணன் இணையத்தில் வேறெதையோ தேடப் போய், இவ்விளையாட்டின் மறுஆக்கம் ஒன்றைக் கண்டடைந்தார். 'ட்ராய்ட் குவெஸ்ட்' என்று பெயர். ரசிகர் ஒருவர் ஜாவா மொழியில், முழுவதையும் புதிதாக எழுதியிருக்கிறார். பழைய நிறுவனம் இதைச் செய்யாது. செய்வதற்கு அது இல்லை. 1995இல் 'சாஃப்ட்கீ' அதை வாங்கி அதன் பெயரைத் தான் சூட்டிக்கொண்டது. 1999இல் பொம்மை நிறுவனமான மாட்டெல் சுமார் 350 கோடி டாலருக்கு அதையும் வாங்கி, மறு ஆண்டே கைகழுவியது. இத்தனை கைமாற்றத்தில் சாக்கடையில் நின்ற மூன்று ரோபோக்களை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? நினைவில் வைத்திருந்தவர் ஒரு ரசிகர்.

சனிக்கிழமை இரவுகளில் விளையாடினோம். அண்ணன் பெங்களூரில், தங்கை திருச்சியில். திரையைப் பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறதல்லவா. விசைப்பலகை தங்கையிடம். அண்ணன் பேரேட்டுத் தாள் கிடைக்காமல் மகனின் பழைய கணக்கு நோட்டில் வரைந்தார்.

முதல் அதிர்ச்சி நிறம். அப்பாவின் அலுவலகத்துத் திரை பச்சையை மட்டுமே அறியும். மின்சாரம் ஓடும் கம்பி ஆரஞ்சாக மாறும் என்பதை முப்பத்து சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகுதான் கண்டோம். எது உயிருள்ள கம்பி என்பதைப் பச்சையின் அடர்த்தியை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்திருக்கிறோம்! இரண்டாவது அதிர்ச்சியைச் சொல்ல எங்களுக்குச் சற்று வெட்கம். இவ்விளையாட்டில் பயிற்சிப் பகுதி என்று ஒன்று உண்டு. அன்று ஆங்கிலம் பிடிபடாமல், சாக்கடைக்குள் குதிக்கும் அவசரத்தில், அதைத் தாண்டி ஓடியிருக்கிறோம். இப்போது பொறுமையாக உட்கார்ந்து படித்தால், ரோபோவைச் சுவருக்கும் சுவருக்குமாக நடக்கவைக்கும் வித்தை அங்கேயே, எந்தக் குழந்தைக்கும் புரியும்படி, சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மூன்று ஞாயிறுகள் தவம் கிடந்து பெற்றது; குடும்பக் கதையாய்ச் சொல்லப்பட்டது; ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர் விட்டுக்கொடுத்தது. அத்தனையும் எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருந்த பாடம்! வெகுநேரம் சிரித்தோம். தங்கை சற்று முன்னதாகவே சிரிப்பை நிறுத்திவிட்டாள் என்பதை அண்ணன் கவனித்தார்.

மூன்றாவதாக ஒன்று. முகப்பில் இரு பெயர்களைச் சிறுவயதில் மனப்பாடமாக அறிவோம்: மைக்கேல் வாலஸ், டாக்டர் லெஸ்லி கிரிம். இருவரையும் மீசை வைத்த வெள்ளைக்காரர்களாகவே கற்பனை செய்திருந்தோம். லெஸ்லி கிரிம் பெண். நிறுவனத்தைத் தொடங்கிய ஆன் மெக்கார்மிக், டெரி பெர்ல் ஆகியோரும் பெண்கள். டெரி பெர்ல், பெண் கணிதவியலாளர்களின் வாழ்க்கையைப் பற்றி 1978இலேயே ஒரு நூல் எழுதியவர். அவர்களோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கிய வாரன் ராபினெட்டின் கதை வேறு வகை. அட்டாரி நிறுவனம் விளையாட்டை எழுதியவர்களின் பெயரை வெளியிடாத காலத்தில், அவர் தம் 'அட்வென்ச்சர்' விளையாட்டுக்குள் யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறை கட்டி, அதில் தம் பெயரை எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டவர். பின்னர் அவரும் லெஸ்லி கிரிமும் சேர்ந்து 1982இல் உருவாக்கிய 'ராக்கீஸ் பூட்ஸ்' என்பதன் தொடர்ச்சிதான் 'ரோபோ ஒடிஸி'. இதையெல்லாம் அண்ணன்தான் தேடிப் படித்துத் தொலைபேசியில் சொன்னார். லெஸ்லி கிரிம் பெண் என்றதும் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "இது அப்பவே தெரிஞ்சிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சாக்கடையைக் கடந்தோம். சுரங்க ரயில் பகுதியில் ஓர் அறை எங்களை நிறுத்தியது. தீர்வுகளை இணையத்தில் பார்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே இருவரும் சத்தியம் செய்திருந்தோம். ஐந்து சனிக்கிழமைகள் கடந்தன. ஆறாவது சனிக்கிழமை அண்ணன், "ரெண்டு பிளிப்-ஃப்ளாப்பை ஒன்னுக்குப் பின்னால ஒன்னா மாட்டினா?" என்றார். தங்கை மாட்டினாள். ரோபோ போயிற்று, பொருளை எடுத்தது, திரும்பி வந்தது.

இம்முறை யாரும் கத்தவில்லை. ரோபோ திரும்பி வந்து நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"எங்க பாத்தீங்க?"

மறுக்கலாமா என்று அண்ணன் யோசித்த கால அளவே பதிலாயிற்று. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றதற்கு, "உங்களுக்குத் தோணினதுன்னா நடுவுல ரெண்டு தப்பு பண்ணியிருப்பீங்க" என்றாள். அன்றிரவுதான் 1989ஆம் ஆண்டைப் பற்றி முதன்முறையாகப் பேசினோம். பேசியதை முழுவதும் இங்கே எழுதப் போவதில்லை. அப்பாவிடம் இப்போதேனும் சொல்லிவிடுவதாக அண்ணன் சொன்னார். அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. மறு வாரம் ஊருக்குப் போய்ச் சொன்னார். அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டு, "அந்த மெஷின்ல இவளையும் உக்கார வச்சேனே, பக்கத்துல" என்றார். பக்கத்தில் நின்றதற்கும் உட்கார்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் விளக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

'அந்த பிளிப்-ஃப்ளாப் யோசனை முழுக்க முழுக்கத் தங்கையுடையது' என்று அண்ணன் இக்கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார். தங்கை அதை அடித்துவிட்டாள். மூன்று ஞாயிறுகள் அவர் தவறாக இழுத்த கம்பிகளை வரைந்து வரைந்துதான் தனக்கு அது தெரிந்தது; ஆகவே முழுக்க முழுக்க என்பது கணக்கில் தப்பு என்பது அவள் வாதம். தணிக்கையாளரிடம் வாதிட்டு வென்றவர் இல்லை.

சேமித்து வைத்திருந்த பழைய கோப்பைத் திறந்து, ரயில் நிலையத்து அறைக்கு முன்னால் போய் மீண்டும் நிற்கிறோம். பார்த்த விடையை மறப்பது அண்ணனுக்குச் சிரமமாக இருக்கிறது. அதனால் அந்த அறையில் அவர் வாய் திறக்கக்கூடாதென்று ஏற்பாடு. தங்கை இதுவரை இரண்டு தவறுகள் செய்திருக்கிறாள்.